0.4.2 எங்கே போச்சு? பைபிஐயோடு ஆறு வருடம்

போன வாரம் வேலையிடத்துத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, நான் எழுதின லைப்ரரியை பைபிஐயில் ஏத்தலாமா, இல்ல கிட்ஹப்லயே விட்டுடலாமா?" பைபிஐ என்பது பைத்தான் மொழியில் எழுதிய நிரல் பொதிகளை எல்லோரும் இறக்கிக்கொள்ள வைத்திருக்கும் இணையக் கிடங்கு. கிட்ஹப் நிரலை எழுதி வைக்கும் தளம். பினாங்கு பாயான் லெப்பாஸ் கேன்டீனில், தட்டில் பாதி மீ கோரேங் மிச்சம் இருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? "ஏத்து" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அதற்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிவரை அதே பைபிஐயைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் லைப்ரரி சின்னது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும். நம் ஊர்த் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் மலர்கள் எல்லாம் அப்படித்தான் கிடக்கின்றன. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பில் "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். எந்த எழுத்துக்கு எது என்ற அட்டவணைதான் இந்த லைப்ரரியின் உயிர். எழுத்துருவுக்கு ஓர் அட்டவணை, அது ஜேசன் என்ற தரவுக் கோப்பில் இருக்கும். நிரல் என்னவோ இருநூறு வரிதான்.

0.4.2 பதிப்பை ஏற்றிய மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு டீச்சர் படம் பிடித்து அனுப்பினார். திரை முழுக்கச் சிவப்பு, கடைசி வரியில் "அப்படி ஒரு கோப்பே இல்லை". என் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. ஓடாமல் என்ன? நான் எடிட்டபிள் முறையில் நிறுவி வைத்திருக்கிறேன். அது என் வேலைக் கோப்புறையிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். ஊருக்கு அனுப்பிய பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

பைபிஐயில் ஏறும் அந்தப் பொட்டலம், வீல் கோப்பு, வெறும் ஜிப்தான். பிரித்துப் பார்த்தேன். நான்கு பைத்தான் கோப்புகள், பக்கத்தில் பொதி விவரக் கோப்புறை, அவ்வளவுதான். அட்டவணைகள் ஒன்றுகூட இல்லை. அந்தப் பதிப்பில்தான் ஜேசன்களைத் தனிக் கோப்புறைக்கு மாற்றியிருந்தேன், கட்டமைப்புக் கோப்பில் பழைய பாதையை அப்படியே விட்டிருந்தேன். பொட்டலம் கட்டும் கருவியான செட்அப்டூல்ஸ் தானாக அள்ளுவது பைத்தான் கோப்புகளை மட்டும்தான். மற்றவை வேண்டுமானால் பேக்கேஜ்-டேட்டா பகுதியிலோ மேனிஃபெஸ்ட் கோப்பிலோ எழுதித் தர வேண்டும். எழுதிய பாதையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கட்டும் வேலை நிற்காது, சமர்த்தாக முடியும். தப்பு முழுக்க என்னுடையது, அதில் பேச்சே இல்லை.

சரி, ஒரு வரித் திருத்தம்தானே. 0.4.2-ஐ அழித்துவிட்டு, அதே பெயரில் சரியாகக் கட்டிய பொட்டலத்தை ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். அழிக்கும்போது பதிப்பு எண்ணை நம் கையாலேயே தட்டச்சு செய்யச் சொல்வார்கள். பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கும். நான் எண்ணை அடித்தேன், எச்சரிக்கையைப் படிக்கவில்லை. திரும்ப ஏற்றினால் 400 பிழை: இந்தக் கோப்புப் பெயர் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது, வேறு பதிப்பைப் போடு.

அழித்துவிட்டேனே ஐயா! இல்லாத கோப்பு எப்படி இடத்தை அடைக்கும்? பைபிஐயில் ஒரு கோப்புப் பெயர் ஒருமுறை ஏறினால் ஏறினதுதான். அழித்தாலும் அந்தப் பெயர் திரும்பக் கிடைக்காது. அழிக்க விடுவார்கள், மாற்ற விடமாட்டார்கள். ஆறு வருடத்தில் மூன்று முறை இதே சுவரில் முட்டியிருக்கிறேன், மூன்று முறையும் ராத்திரி நேரம்.

காலையில் தே தாரேக் குடித்துக்கொண்டு யோசித்தால் விதி நியாயமாகத்தான் படுகிறது. கோப்பின் ஹாஷை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற குறியீட்டை, குறித்து வைத்துக்கொண்டு நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே பெயரில் உள்ளடக்கம் மாறினால் அவர்கள் நிறுவல் அங்கேயே நின்றுவிடும். ஹாஷ் பார்க்காதவர்கள் நிலைமை இன்னும் மோசம், நேற்று வாங்கிய மூட்டைக்குள் இன்றைக்கு வேறு அரிசி. 2016-இல் ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் கிடங்கான என்பிஎம்மில் ஒருவர் பதினொரு வரிப் பொதி ஒன்றை நீக்கியதும் உலகம் முழுக்க நிரல் கட்டும் வேலைகள் முறிந்தது நினைவிருக்கும். அதனால் நான் அழித்திருக்கவே கூடாது, யாங்க் செய்திருக்க வேண்டும். யாங்க் செய்த பதிப்பு அங்கேயே இருக்கும். எண்ணைச் சரியாகக் குறிப்பிட்டுக் கேட்பவருக்குக் கிடைக்கும், மற்றவர்களுக்கு நிறுவும் கருவியான பிப் அதைத் தாண்டி வேறு பதிப்பைக் கொடுக்கும். நல்ல ஏற்பாடு. அழிப்பதற்கு முன்னால் நினைவுக்கு வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

0.4.2.போஸ்ட்1 என்று வால் ஒட்டி ஏற்றவும் வழி உண்டு. எனக்கு அந்த வால் பிடிக்காது. 0.4.3 என்று ஏற்றினேன்.

மற்றதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை. 2024 தொடக்கத்திலிருந்து எல்லோருக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு கட்டாயம். முணுமுணுத்தேன், பழகிவிட்டது. டிரஸ்டட் பப்ளிஷிங் வந்த பிறகு ஏற்ற அனுமதி தரும் ரகசியச் சாவியான டோக்கனைக் காப்பாற்றும் தலைவலியும் இல்லை. கிட்ஹப்பிலிருந்து ஏற்றும்போது கால் மணி நேரமே உயிரோடு இருக்கும் டோக்கன் ஒன்றை அதுவே வாங்கிக்கொள்கிறது. ஆறு வருடத்தில் நான் மனதாரப் பாராட்டிய விஷயம் அதுதான். ஒத்திகை பார்க்க டெஸ்ட்பைபிஐ இருக்கிறது. கணக்கு தனியாகத் திறக்க வேண்டும், பெயர் விதி அங்கேயும் அதேதான். இப்போது அங்கே ஏற்றி, புதிதாக ஒரு வெர்ச்சுவல் சூழலில் நிறுவி, ஒரு மலரை மாற்றிப் பார்த்த பிறகுதான் அசலில் கை வைக்கிறேன்.

செலவு ஒரு காசு இல்லை, ஏற்றிய சில நிமிடத்தில் பட்டர்வொர்த்தில் இறங்குகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். தம்பிக்குச் சொன்ன "ஏத்து" அப்படியே நிற்கிறது.

நேற்று டீச்சர் வாட்ஸ்அப்பில் வந்தார். 1998 ஆண்டு மலர் முழுக்க மாறிவிட்டதாம். கீழே இன்னொரு வரி: "சார், பட்டியல்ல 0.4.1-க்கு அப்புறம் நேரா 0.4.3 இருக்கே, நடுவுல ஒண்ணு விட்டுப் போச்சா?"

இன்னும் பதில் போடவில்லை.