டொர்னிஸ்டருடன் ஏழு ஆண்டுகளும் வெள்ளையாய் ஒளிரும் ஒரு தையலும்

ரோமத்தோல் மூடி வைத்த, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் இராணுவ முதுகுப்பை ஒன்று 120 யூரோவுக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் படங்களை அனுப்பிக் கேட்டிருக்கிறார். போன மாதம் கேட்டிருந்தால் நிதானமாகப் பதில் எழுதியிருப்பேன். என்னுடைய பை பழுதுபார்க்கப்பட்டு வீடு திரும்பிய நாளிலிருந்து அந்த நிதானம் என்னிடம் இல்லை என்பதை மனத்தில் வைத்தே அவர் இதைப் படிக்க வேண்டும்.

என்னிடம் இருப்பதும் டொர்னிஸ்டர் எனப்படும் அத்தகைய ஜெர்மன் இராணுவ முதுகுப்பைதான், 1939ஆம் ஆண்டு மாதிரி. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுச் சந்தையில் 70 யூரோவுக்குக் கிடைத்தது. தோள்வார்கள் தொலைந்துவிட்டன என்று விற்றவரே விலையைக் குறைத்துக்கொண்டார். உண்மையில் எதுவும் தொலையவில்லை. 1934ஆம் ஆண்டு மாதிரியில்தான் தோள்வார்கள் பையோடு சேர்ந்தே இருக்கும். 39இல் அவை கிடையாது, சிப்பாய் ஏற்கெனவே அணிந்திருக்கும் தோல் வார்களில் பையைக் கொக்கியால் மாட்டிக்கொள்வதுதான் ஏற்பாடு. இந்த வேறுபாடு தெரியாததால் நல்ல பையை ஒதுக்குபவர்களும் உண்டு, தெரிந்தே 39இன் மேல் பழைய வார்களைத் தைத்து 34 என்று விற்பவர்களும் உண்டு. வாரின் அடியில் தேவையில்லாத ஊசித் துளைகள் தெரிந்தால் பணப்பையை மூடிவிடுவது நல்லது.

மயிர் நீக்காத கன்றுத்தோல் மூடியைப் பார்த்துத்தான் ஜெர்மன் சிப்பாய்கள் இதற்குக் குரங்கு என்னும் பொருளில் ‘அஃபெ’ என்று பெயர் வைத்தார்கள். தூறலில் ஒருமுறை இதை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தபோது, மழைத்துளிகள் மயிரின் மேலேயே வழிந்து ஓட, உள்ளே வைத்திருந்த ரொட்டிகூட நனையவில்லை. அவ்வளவு மகிழ்ச்சியை வேறெந்தப் பையும் எனக்குத் தந்ததில்லை. அதற்கு விலையாக ஆண்டுக்கு ஒருமுறை பூச்சிகளுக்குப் பயந்து பையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு வாரமும் வீட்டில் கேட்க வேண்டிய பேச்சு தனி.

காலத்தைக் கணிக்க எல்லோரும் முதலில் தேடுவது முத்திரையை. தயாரித்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவை இருந்தால் பெரும்பாலும் போரின் முற்பகுதி. சுழியத்தில் தொடங்கிச் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட எண் மட்டும் இருந்தால் பிற்பகுதி. ஆனால் முத்திரையைப் போலியாகக் குத்துவது எளிது. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடுப்பதால், கழுகு முத்திரையின் மேல் விற்பவர்கள் நாடா ஒட்டிப் படம் எடுக்கிறார்கள். சட்டம் சரியானதுதான், ஆயினும் அந்த நாடாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நேரில் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது.

ஆகவே நான் நம்பியது புற ஊதா விளக்கை. துணியையும் நூலையும் பளிச்சிட வைக்கும் ஒளிரூட்டிகள் போருக்குப் பிறகுதான் பரவலாயின என்பதால், இருட்டறையில் பழைய பருத்தியும் சணல்நூலும் மங்கலாகவே கிடக்கும், பிற்காலத் தையல் நீலவெள்ளையாகக் கண்ணைப் பறிக்கும். இக்கால சலவைத்தூளில் யாராவது துவைத்திருந்தால் அசல் பையும் ஒளிரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி, பழுதுக்கு வருகிறேன். பக்கிள் வார் ஒன்று தையல் விட்டது. தோல் வேலை செய்பவர் ஒருவரிடம் கொடுத்து, உறுதியாகத் தைத்துத் தாருங்கள் என்றேன். அவர் சொன்னபடியே செய்தார், வெளிர்நிறப் பாலியஸ்டர் நூலால். கேட்காமலேயே வாருக்கு எண்ணெயும் ஊற்றியிருக்கிறார். அது கன்வாஸுக்குள் இறங்கி உள்ளங்கை அளவுக்குக் கறையாகிவிட்டது. அன்றிரவு விளக்கைப் போட்டேன். போலிகளைப் பிடிக்க வாங்கிய விளக்கில் என் சொந்தப் பையே போலியைப் போல மின்னியது.

அவருடைய தையல் நேரானது, மூலத் தொழிற்சாலைத் தையலைவிட நேர்த்தியானது என்பதை மறுக்க மாட்டேன். சணல்நூல் வேண்டும் என்று நான் வாய்திறந்து கேட்கவில்லை, ஆகவே பாதித் தவறு என்னுடையது. எண்ணெயைச் சேர்த்துப் பார்த்தால் கால் பங்குதான். முன்பு 150 யூரோ தருவதாகச் சொன்ன சேகரிப்பாளர் இப்போது 90 என்கிறார். போர்முனையில் எவனோ ஒரு சிப்பாய் கோணல்மாணலாகப் போட்டிருந்தால் இதே தையலை வரலாறு என்று அவர் மெச்சியிருப்பார்.

நண்பரின் படங்களுக்கு வருவோம். மூன்றாவது படத்தில் 1943 என்ற ஆண்டுக்கு மேலே கேடயத்துக்குள் ஒரு சிறு சிலுவை இருக்கிறது: அது சுவிட்சர்லாந்து இராணுவத்தின் பை. ரோமமூடிப் பைகள் அந்நாட்டில் போருக்குப் பிறகும் வழக்கில் இருந்ததால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஜெர்மன் பை என்று சொல்லி 120 கேட்பது அநியாயம். ஆனாலும் மயிர் கொட்டவில்லை, தோல் பொடியாக உதிரவில்லை, தோள்வார்கள் இரண்டும் முழுதாக இருக்கின்றன. 60க்குப் பேசி அதையே வாங்கி, மாட்டிக்கொண்டு நடக்கட்டும். ஜெர்மன் பையைத் தேடி அலைய வேண்டாம். என்னுடையதை விலைக்குக் கேட்கவும் வேண்டாம். புற ஊதா விளக்கு வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.