பாலை விட்ட பிறகு: மீல்மேக்கரா, சோயா பாலா, டோஃபுவா?

பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் உணவுக்கு மாறுகிறேன் என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, "அப்போ புரதத்துக்கு என்ன வழி?" என்பதுதான். தினமும் சாம்பார், சுண்டல், பயறு என்று புழங்குகிற வீட்டில் அது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. உண்மையான ஓட்டை வேறிடத்தில் விழுகிறது. இரண்டு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்ந்து கிட்டத்தட்ட 600 மி.கி. கால்சியம் தருகின்றன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 1,000 மி.கி. பால், தயிர், மோர் மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் அன்றாடக் கால்சியத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

அதனால் சோயா உணவுகளை இந்தக் கண்ணோடுதான் இங்கே எடைபோடுகிறேன். என் தேர்வை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: டோஃபு, அதாவது சோயா பாலைத் திரித்துச் செய்யும் பன்னீர் போன்ற கட்டி. ஏதோ ஒரு டோஃபு அல்ல, கால்சியம் சல்பேட் போட்டு உறைய வைத்த டோஃபு.

எல்லாச் சோயா உணவுக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் சோயாவில் தாராளம். பருப்பு வகைகளிலேயே தரமான புரதம் இதில்தான். தினம் 25 கிராம் சோயா புரதம் சாப்பிட்டால் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் 3 முதல் 4 சதவீதம் குறைகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999-இல் அனுமதித்த "இதயத்துக்கு நல்லது" என்ற வாசகத்தைத் திரும்பப் பெறலாமா என்று 2017-இல் அதுவே யோசித்தது, ஆதாரங்கள் சீராக இல்லை என்று. ஆகவே இது சிறிய பலன்தான், மாத்திரைக்கு மாற்று அல்ல. ஆண்களுக்கு ஹார்மோன் குறையும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவே இல்லை. மார்பகப் புற்றுநோய் பயமும் அப்படித்தான். ஷாங்காயில் அந்நோய்க்குச் சிகிச்சை பெற்ற 5,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. இது உணவாகச் சாப்பிடும் சோயாவைப் பற்றிய முடிவு. சோயாவிலிருந்து பிரித்தெடுக்கும், ஈஸ்ட்ரோஜனை ஒத்த ஐசோஃபிளேவோன் மாத்திரைகளுக்கு இதை நீட்டிச் சொல்ல முடியாது.

இனி ஒவ்வொன்றாக.

மீல்மேக்கர் விலையில் யாராலும் வெல்ல முடியாதது. எண்ணெய் பிழிந்தெடுத்த சோயா மாவை அழுத்தி, சூடேற்றி, உருண்டையாகத் தள்ளிய பொருள் இது. உலர்ந்த 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம். ஒருவருக்கு 30 கிராம் போட்டாலே 15 கிராம் புரதம் வந்துவிடும். அலமாரியில் மாதக்கணக்கில் கெடாது. இலங்கையில் சோயாமீட் என்று மசாலாப் பொட்டலத்தோடு விற்பதும் இதே வகைதான்; அதில் உப்பு அதிகம், பொட்டலத்தில் பாதியைப் போட்டாலே போதும். பலருக்கு மீல்மேக்கர் சாப்பிட்டால் வயிறு உப்புவதற்குக் காரணம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். இவை தண்ணீரில் கரையும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, பிழிந்து, புதுத் தண்ணீர் ஊற்றி இன்னும் இரண்டு தடவை அலசிப் பிழிந்தால் வாயுவும் அந்த மாவு வாடையும் பெருமளவு போய்விடும். ஒரு தடவை மட்டும் பிழிந்து குழம்பில் போடுவதால்தான் "சோயா ஒத்துக்கவில்லை" என்ற பேச்சு.

இதன் குறை என்னவென்றால், எண்ணெயோடு சோயாவின் ஒமேகா-3 கொழுப்பும் போய்விட்டது. கால்சியமோ ஒரு வேளைக்கு 100 மி.கி.யைத் தாண்டாது, அதிலும் ஒரு பகுதியை, பயறில் இருந்துகொண்டு தாதுக்களை உடலில் சேரவிடாத ஃபைட்டேட் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலின் இடத்தை மீல்மேக்கரால் நிரப்ப முடியாது. கறியின் இடத்தை நிரப்பும், அவ்வளவே.

சோயா பாலில் பலர் ஏமாறுவது ஒரு விஷயத்தில். வீட்டில் அரைத்து எடுத்த சோயா பால் 200 மி.லி.யில் கால்சியம் 50 மி.கி. அளவுதான், அதே அளவு பசும்பாலில் 240 மி.கி. பால் என்ற பெயர் இருப்பதால் பாலின் சத்தும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். கடையில் வாங்குவது என்றால் கால்சியம், வைட்டமின் டி, பி12 சேர்த்ததா என்று அட்டையில் பார்த்து, சர்க்கரை சேர்க்காததாக வாங்க வேண்டும். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் முதல் நான்கு டம்ளரில் தண்ணீர்ப் பாலும், கடைசி டம்ளரில் சுண்ணாம்பும்தான் கிடைக்கும். டிரைகால்சியம் பாஸ்பேட் சேர்த்திருந்தால் பசும்பாலின் கால்சியத்தில் முக்கால் பங்கு அளவுக்கே உடலில் சேர்கிறது. கால்சியம் கார்பனேட் என்றால் ஏறத்தாழ சமம். ஃபில்டர் காபிக்கு ஒரு குறிப்பு: டிகாக்‌ஷன் புளிப்புத் தன்மை கொண்டது, கொதிக்கிற டிகாக்‌ஷனில் குளிர்ந்த சோயா பாலை விட்டால் திரிந்துவிடும். பாலைச் சூடாக்கி வைத்து, சற்று ஆறிய டிகாக்‌ஷனை அதில் மெல்ல ஊற்ற வேண்டும்.

டெம்பே பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஜாவாவில் பிறந்த உணவு. வேகவைத்துத் தோல் நீக்கிய சோயாவில் ரைசோபஸ் பூஞ்சையைத் தூவி, 30 டிகிரிச் சூட்டில் ஒன்று முதல் இரண்டு நாள் வைத்தால் வெள்ளைப் பாளமாக இறுகிவிடும். நொதித்தலில் ஃபைட்டேட் குறைவதால் இரும்பும் துத்தநாகமும் நன்றாகச் சேரும், வயிற்றுக்கும் லேசு. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு சந்தையிலேயே கிடைக்கிறது. அங்கே இருப்பவர்கள் வாரம் இரண்டு நாள் இதைச் சேர்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் இதை அன்றாடம் சமைத்துப் பழகிய வீடுகள் குறைவு, அதனால் இங்கே பெரிய தீர்ப்பு எதுவும் சொல்வதற்கில்லை. டெம்பேயில் பி12 கிடைக்கும் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

இப்போது டோஃபு. பன்னீர் செய்யும் அதே முறைதான். பாலுக்குப் பதில் சோயா பால். முழுப் பயறிலிருந்து வருவதால் அதன் நல்ல கொழுப்பு உள்ளேயே இருக்கிறது. புரதம் 100 கிராமில் 10 முதல் 15 கிராம், மீல்மேக்கரைவிடக் குறைவு. ஃபைட்டேட்டின் ஒரு பகுதியும், வாயு உண்டாக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியும் சக்கையோடும் பிரியும் நீரோடும் வெளியேறிவிடும். ஆனால் இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது, பாலைத் திரிக்கப் போடும் பொருள்.

எலுமிச்சைச் சாறு, வினிகர், நிகாரி எனப்படும் மெக்னீசியம் குளோரைடு, ஜி.டி.எல். (குளுக்கோனோ டெல்டா லாக்டோன்), கால்சியம் சல்பேட் என எதைப் போட்டாலும் சோயா பால் உறையும். தட்டில் வைத்துப் பார்த்தால் எல்லாம் வெள்ளைத் துண்டுதான். எலுமிச்சை போட்டால் பயறில் இயல்பாக இருந்த கால்சியம் மட்டும் மிஞ்சும். 100 கிராம் டோஃபுவில் அது 100 மி.கி.க்குள் நின்றுவிடும். கால்சியம் சல்பேட் போட்டாலோ, திரிக்கும் பொருளே டோஃபுவுக்குள் தங்கிவிடுகிறது. கணக்கு எளிது. அதன் எடையில் 23 சதவீதம் கால்சியம். கால் கிலோ சோயாவுக்கு 7 கிராம் போட்டால் 1,600 மி.கி. கால்சியம் உள்ளே போகிறது. பிரியும் நீரில் கொஞ்சம் போனாலும், கிடைக்கிற 400 கிராம் டோஃபுவில் 100 கிராமுக்கு 250 முதல் 300 மி.கி. எதிர்பார்க்கலாம். வீட்டு அளவில் இது முன்பின் மாறும். ஆனாலும் ஒரு டம்ளர் பாலின் இடம் நிரம்பிவிடுகிறது.

அட்டையில் எழுதிய எண் ஒன்று, உடம்பில் சேர்வது ஒன்று. பாலின் கால்சியத்தில் 32 சதவீதம் உடலில் சேர்கிறது. கால்சியம் போட்டு உறைய வைத்த டோஃபுவில் 31 சதவீதம். பாலக் எனப்படும் ஸ்பினாச் கீரையில், கால்சியத்தைப் பிடித்து வைக்கும் ஆக்ஸலேட் காரணமாக 5 சதவீதம்தான். கீரையை நம்பிப் பாலை விடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் பல பத்தாண்டுகளாக நடக்கும் எபிக்-ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வின் 2020 முடிவுப்படி, அசைவம் உண்பவர்களைவிட வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம். இடுப்பு எலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேல். அதே ஆய்வின் 2007 முடிவு இன்னும் முக்கியமானது: தினம் 525 மி.கி.க்கு மேல் கால்சியம் எடுத்துக்கொண்ட வீகன்களிடம் அந்த அதிகப்படி ஆபத்து தெரியவில்லை. 150 கிராம் சரியான டோஃபு, ஒரு வேளை கேழ்வரகு, ஒரு ஸ்பூன் எள்ளுப்பொடி இருந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். சோயாவின் ஐசோஃபிளேவோன் எலும்பைத் தானே காக்கும் என்று சிலர் சொல்வதற்கு உறுதியான சான்று இல்லை. காப்பது கால்சியமும் புரதமும்தான்.

கடையில் வாங்கும்போது முன்பக்கத்து விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு பின்பக்கத்துப் பொருள் பட்டியலைப் படியுங்கள். ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான எண்; 516 என்றால் கால்சியம் சல்பேட், 509 என்றால் கால்சியம் குளோரைடு. இரண்டும் நமக்கு வேண்டியவை. 511 மெக்னீசியம் குளோரைடு, 575 ஜி.டி.எல்., 330 சிட்ரிக் அமிலம். இந்த மூன்று மட்டும் போட்ட டோஃபு ருசியாக இருக்கலாம், கால்சியத்துக்கு உதவாது. சில பொட்டலங்களில் இரண்டு எண்கள் சேர்ந்து இருக்கும். அப்போது சத்து அட்டவணையில் 100 கிராமுக்குக் கால்சியம் 200 மி.கி.யாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் செய்ய: கால் கிலோ சோயா பீன்ஸை 8 மணி நேரம் ஊறவையுங்கள். கோடையில் 6 மணி நேரம் போதும். நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்றாவிட்டால் புளிப்பு வாடை வரும். மொத்தம் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர் தேவை. அதை நன்றாகச் சூடாக்கி, சூடாகவே ஊற்றி மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். சோயாவின் பச்சை வாடைக்குக் காரணமான லிபாக்ஸிஜனேஸ் நொதி சூட்டில்தான் அடங்கும். குளிர்ந்த தண்ணீரில் அரைத்தால் அரைக்கிற நேரத்திலேயே வாடை உருவாகிவிடும், பிறகு எவ்வளவு கொதித்தாலும் போகாது. ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியின் நடு அடைப்பைத் திறந்து வைத்து மேலே துணி போட்டு ஓட்டுங்கள். அடைத்து ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும்.

மெல்லிய பருத்தித் துணியில் பிழிந்து எடுத்த பாலை, அதைப் போல இரண்டு மடங்கு கொள்ளும் பாத்திரத்தில் காய்ச்சுங்கள். சோயா பால் கொதிக்கும் முன்பே நுரைத்துப் பொங்கும். அந்த நுரையைப் பார்த்து அடுப்பை அணைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. பயறில் இருக்கும் டிரிப்சின் தடுப்பான் புரதத்தைச் செரிக்க விடாது. அது செயலிழக்க, நுரை அடங்கியபின் சிறு தீயில் 10 நிமிடம் முழுதாகக் கொதிக்க வேண்டும். அடியைக் கிளறிக்கொண்டே இருங்கள்.

அடுப்பை அணைத்து, 75 டிகிரி அளவுக்கு ஆறும்வரை சில நிமிடம் விடுங்கள். உணவுத் தர கால்சியம் சல்பேட் 7 கிராமை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்குங்கள். இது முழுதாகக் கரையாது, அடியில் உட்கார்ந்துவிடும். அதனால் ஊற்றும் கணத்தில் மறுபடி கலக்கிவிட்டு ஊற்ற வேண்டும். கரண்டியால் இரண்டு சுற்று மட்டும் கிளறி மூடிவிடுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் கட்டி தனியாகவும், வெளிர் மஞ்சள் நீர் தனியாகவும் நிற்கும். நீர் இன்னும் பால் நிறத்தில் இருந்தால் சூடு குறைவு அல்லது சல்பேட் குறைவு; இலேசாகச் சூடாக்கி இன்னும் 1 கிராம் கரைத்து ஊற்றலாம். கட்டி மணல்போல உதிர்ந்தால் அளவு கூடிவிட்டது, அல்லது அதிகம் கிளறிவிட்டீர்கள். துணியில் மாற்றி, ஒரு கிலோ எடையை 20 முதல் 30 நிமிடம் வைத்தால் குழம்பில் உடையாத பதம் வரும். தண்ணீரில் மூழ்க ஃப்ரிட்ஜில் வைத்து தினம் தண்ணீர் மாற்றினால் நான்கு நாள் தாங்கும். மிச்சமான சக்கையை அடை மாவிலோ வடையிலோ சேர்த்துவிடலாம். ஆனால் அது அரைவேக்காடு, நன்றாக வெந்தால்தான் உண்ணத் தகுந்தது.

ஹார்டுவேர் கடையில் விற்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் ஜிப்சம் பொடியும் இதற்கு ஆகவே ஆகாது. உணவுத் தரம் என்று எழுதியிருக்கும் பொட்டலம் மட்டும்.

மீல்மேக்கரை ஒதுக்கச் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள் அது, மற்ற நாள்களில் டோஃபு என்று வைத்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் இருக்கும். எந்தச் சோயா உணவிலும் இயல்பாக பி12 கிடையாது. வீகன் என்றால் அதற்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ எடுத்தே ஆக வேண்டும், பேச்சுக்கு இடமில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சோயாவை விட வேண்டியதில்லை, ஆனால் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் நிறைந்த டோஃபு என்றால் இது இன்னும் முக்கியம், ஏனெனில் கால்சியமும் அந்த மருந்தை உறிஞ்சவிடாது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறவர்கள் டோஃபுவை மதியச் சாப்பாட்டுக்கோ இரவுக்கோ தள்ளிவிடுங்கள்.