பச்சையா, நீலமா? அலுமினிய டிக் வெல்டிங்கில் டங்ஸ்டன் மீது பழி போடும் முன்

டிக் வெல்டிங்கில் டங்ஸ்டன் கம்பியின் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்சுடர்தான் ஆர்க். அலுமினியத்தில் அது ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தால், பலருடைய கை உடனே டங்ஸ்டன் டப்பாவைத் தேடும். கம்பி எந்த வகை என்பதை அதன் முனையில் பூசிய நிறம் சொல்லும். பச்சை முனை போட்டிருந்தவர் நீலத்துக்குத் தாவுவார். நீலம் போட்டிருந்தவர் ‘பழைய பச்சையே தேவலை’ என்பார். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் எந்த மெஷின் என்று கேட்க வேண்டும். அப்புறம், டங்ஸ்டன் தலையில் விழும் பழியில் பாதிக்கு மேல் பேலன்ஸ் குமிழுக்குச் (சுத்தம் செய்வதற்கும் சூடேற்றுவதற்கும் மின்சாரத்தைப் பங்கிடும் குமிழ்) சேர வேண்டியது.

பச்சை என்பது கலப்பில்லாத டங்ஸ்டன். நீலத்தில் 2 சதவீதம் லாந்தனம் ஆக்சைடு இருக்கிறது. பொன்னிற முனை அதன் தம்பி, அதில் 1.5 சதவீதம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் பச்சைக்கு நல்ல பெயர் வந்ததில் நியாயம் உண்டு. அங்கே ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தின் அலை மெதுவாக ஏறி இறங்கும், முனையில் வழவழப்பான ஒரு குண்டு தானாகவே உருவாகும், ஆர்க் அதன் அடியில் அமைதியாக நிற்கும். குண்டின் அகலம் டங்ஸ்டன் தடிமனைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டாத வரை கவலையில்லை.

அதே பச்சையை, அலையை மின்னணுவால் வடிவமைக்கும் இன்வெர்ட்டர் மெஷினில் போட்டால் கதை மாறிவிடும். இன்வெர்ட்டரின் பெருமையே கூரான, குறுகிய ஆர்க்கைத் தருவதுதான். அதற்குக் கூர் நிற்கிற முனை வேண்டும். பச்சைக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதே தடிமனில் நீலம் தாங்கும் ஆம்பியரையும் அது தாங்காது. குண்டு பெருத்து, கோணிக்கொண்டு, கடைசியில் ஒரு பக்கமாகத் தொங்கும். ஆர்க்கும் அந்தப் பக்கமே சாயும். நீலம் எளிதாகப் பற்றும், வடிவம் குலையாது. நீளவாக்கில் தீட்டி, நுனியை மட்டும் லேசாகத் தட்டையாக்கிவிட்டால் போதும். ஓட்டும்போது நுனியில் ஒரு சின்ன மொட்டு வரும். அது கெட்ட அடையாளம் இல்லை, உடனே எடுத்துத் தீட்டத் தேவையில்லை.

மற்ற நிறங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை முனையில் சிர்கோனியம், ஏசிக்கு நம்பலாம், குண்டாகவே ஓட்ட விரும்புகிறவர்களுக்குப் பச்சையைவிட மேல். சாம்பல் நிற சீரியம் குறைந்த ஆம்பியரில் அருமையாகப் பற்றும். சிவப்பில் இருப்பது தோரியம். எஃகுக்கு டிசியில் (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ராஜா, ஆனால் ஏசியில் நுனி சின்னச் சின்ன முகிழ்களாகப் பிரிந்து ஆர்க்கை அலையவிடும். தோரியம் கதிரியக்கப் பொருள் வேறு, தீட்டும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. அலுமினியத்துக்கு அதை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சரி, நீலம் போட்டும் நுனி குண்டாகி உருகுகிறது என்றால்? இங்கே இரண்டு வைத்தியம் போட்டி போடும். ஒன்று, தடிமனான டங்ஸ்டனுக்குப் போவது. இன்னொன்று, பேலன்ஸைத் திருத்துவது. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் முதலில் செய்வேன். காரணம் இருக்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் படிந்த ஆக்சைடு தோலோ 2,000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். டங்ஸ்டன் பாசிட்டிவாக இருக்கும் அரைச் சுற்று அந்தத் தோலை உடைத்துச் சுத்தம் செய்கிறது, நெகட்டிவாக இருக்கும் அரைச் சுற்று உள்ளே சூட்டை இறக்குகிறது. எலக்ட்ரான்கள் போய் மோதுகிற பக்கம்தான் கூடுதலாகச் சூடாகும். ஆகவே சுத்தம் செய்யும் பங்கைக் கூட்டினால் சூடு டங்ஸ்டன் தலையில்தான் விடியும். நெகட்டிவ் பங்கு 65 முதல் 75 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலான வேலை நடந்துவிடும்.

ஒருமுறை வேறொரு மெஷினில் வழக்கம்போல 70 வைத்தேன். பத்து நொடியில் நுனி உருண்டு விழுந்தது. இரண்டு டங்ஸ்டனை வீணாக்கி, ‘மட்டமான சரக்கு’ என்று திட்டியும் முடித்த பிறகுதான் கவனித்தேன். அந்த மெஷின் காட்டுவது நெகட்டிவ் பங்கை இல்லை, சுத்தம் செய்யும் பங்கை. நான் வைத்திருக்க வேண்டியது 30. மெஷின் மாறினால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வெல்டே எந்தப் பக்கம் பிழை என்று காட்டிக்கொடுக்கும். தையலின் இருபுறமும் அகலமான வெள்ளைப் பட்டை, கூடவே குண்டான நுனி என்றால் சுத்தம் அளவுக்கு மீறிவிட்டது. உருகிய குழம்பில் மிளகுத்தூள் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் சுத்தம் போதவில்லை. குழம்பு ஓடாமல், தண்ணீர் நிரப்பிய தோல்பை போல உப்பிக்கொண்டு நின்றால் முந்தைய எஃகு வேலைக்கு வைத்த டிசி அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எல்லோரும் செய்ததுதான். ஆனால் அழுக்குத் தகட்டை பேலன்ஸால் சரிசெய்ய முயல வேண்டாம். அசிட்டோனில் துடைத்து, அலுமினியத்துக்கென்றே வைத்த எவர்சில்வர் பிரஷால் தேய்ப்பதுதான் வழி. எண்ணெயும் ஈரமும் தரும் ஹைட்ரஜன் உருகிய அலுமினியத்தில் கரைந்து, இறுகும்போது வெளியேற இடமில்லாமல் துளையாக நின்றுவிடும்.

அலையும் ஆர்க்குக்கு இன்வெர்ட்டரில் இன்னொரு மருந்து ஃப்ரீக்வென்சி, அதாவது நொடிக்கு எத்தனை ஏசி சுற்று என்பது. 60 ஹெர்ட்ஸில் ஆர்க் அகலமாகப் பரவும், 120-இல் குறுகி, சொன்ன இடத்தில் நிற்கும். உள்மூலைத் தையலுக்கும் மெல்லிய தகட்டின் விளிம்புக்கும் 120 அல்லது அதற்கு மேல். தேய்ந்த வார்ப்பை நிரப்பும் வேலைக்குக் குறைந்த எண்ணே மேல். மூலையில் ஆர்க் இரண்டு சுவருக்கும் மாறி மாறித் தாவுகிறது என்றால், டங்ஸ்டனைத் தொடாமல் இதை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஆம்பியர் போதவில்லை என்றால்தான் தடிமன் கேள்வி வருகிறது. தோராயமாக ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு 40 ஆம்பியர். 3 மி.மீ. தகட்டுக்கு 120 ஆம்பியரும் 2.4 மி.மீ. டங்ஸ்டனும் பொருந்திப் போகும். மெஷினில் ஆம்பியர் மிச்சமில்லாமல் தடித்த தகட்டோடு போராடுகிறவருக்கு வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் ஆர்கான் வாயுவோடு ஹீலியம் கலப்பது உதவும், அதே ஆம்பியரில் சூடு கூடும். ஆனால் ஆர்க் பற்றுவது சிரமமாகும், வாயு ஓட்டத்தையும் கூட்ட வேண்டும். 3 மி.மீ. வேலைக்கு அந்தச் செலவு வீண். நிமிடத்துக்கு 7 முதல் 10 லிட்டர் சுத்த ஆர்கான் போதும்.

வெல்டை நிறுத்திய பின் டங்ஸ்டன் நீலமாகவோ கறுத்தோ போயிருந்தால் டப்பாவின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூடாக இருக்கும்போதே வாயு நின்றுவிட்டது. வெல்டை நிறுத்திய பிறகும் வாயு ஓடும் நேரத்தை 10 ஆம்பியருக்கு ஒரு நொடி என்று வைத்து, 150-இல் ஓட்டினால் 15 நொடி டார்ச்சை (டங்ஸ்டனைப் பிடித்திருக்கும் கைப்பிடி) அசைக்காமல் பிடித்திருங்கள். குழம்பில் குத்தி அலுமினியம் அப்பிக்கொண்ட முனையை மட்டும் எந்த அமைப்பும் காப்பாற்றாது. அப்பிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, டங்ஸ்டனுக்கென்று ஒதுக்கிய சக்கரத்தில் மறுபடி தீட்டுங்கள்.