புள்ளி நட்கிராக்கர்: ஒரே சிற்றினமா, மூன்றா?

காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த புள்ளி நட்கிராக்கரை, ஐரோப்பா முதல் ஜப்பான் வரையிலும் தெற்கே இமயமலை, தைவான் வரையிலும் பரவிய ஒரே சிற்றினமாக இருபதாம் நூற்றாண்டின் பெரும்பாலான நூல்கள் கொண்டன. இப்போது வடக்கு, தெற்கு, காஷ்மீர் என மூன்று சிற்றினங்களாகப் பிரிக்கும் பறவைப் பட்டியல்கள் பெருகிவருகின்றன. எனினும் இந்தப் பிரிவினை புதிதன்று. பெயர்களின் வரலாறே அதைச் சொல்லிவிடும்.

உயிர்களுக்கு இருசொல் அறிவியல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758-இல் இப்பறவையைக் காக்கைகளுடன் சேர்த்துக் கார்வஸ் காரியோகாட்டாக்டஸ் என்று பெயரிட்டார். பிரிசோன் 1760-இல் நூசிஃப்ராகா என்னும் தனிப் பேரினத்தை, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதியை, அமைத்தார். காரியோகாட்டாக்டஸ் என்றால் கிரேக்கத்தில் கொட்டையை உடைப்பது, நூசிஃப்ராகாவுக்கு இலத்தீனில் அதே பொருள்; ஆகவே நூசிஃப்ராகா காரியோகாட்டாக்டஸ் என்னும் இன்றைய முழுப்பெயர் ஒரே செய்தியை இருமுறை சொல்கிறது. அறிவியல் பெயரை அடுத்து அதை இட்டவரின் பெயரையும் ஆண்டையும் குறிப்பது வழக்கம்; இங்கே பேரினம் மாறியதால் லின்னேயஸின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றன. 1831-இல் விகர்ஸ் இட்ட ஹெமிஸ்பிலா, 1849-இல் கூல்ட் இட்ட மல்டிபங்டாட்டா ஆகிய இரண்டும் தொடக்கத்திலேயே நூசிஃப்ராகாவின் தனிச் சிற்றினங்களாக வெளியானதால், அவற்றுக்கு அந்த அடைப்புக்குறி தேவைப்படுவதில்லை. பிற்காலத்தார் அவ்விரண்டையும் துணையினங்களாகத் தாழ்த்தினர். இன்று நடப்பது அவற்றை மீண்டும் பழைய நிலைக்கு உயர்த்துவதுதான்.

தோற்றத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றாகப் பிரிப்போரின் கை ஓங்குகிறது. ஹெமிஸ்பிலா என்றால் பாதிப் புள்ளி. இப்பெயர் கொண்ட தெற்கு வகையின் இமயமலைப் பறவைக்கு வெண்புள்ளிகள் உடலின் முன்பகுதியோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. மல்டிபங்டாட்டா என்றால் பல புள்ளிகள் கொண்டது. காஷ்மீர்ப் பறவையின் பெரிய வெண்புள்ளிகள் நெருங்கி அமைந்து, தொலைவிலிருந்து பார்க்கும்போது உடலையே வெளிறச் செய்கின்றன. ஆயினும் ஒன்றாகக் கொள்வோரின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. இயல்பாக இனம் கலப்பவை ஒரே சிற்றினம் என்பது பழகிய அளவுகோல்; ஆனால் தெற்கு வகையில் சேர்க்கப்படும், தைவானின் மலைகளில் வாழும் கூட்டத்தைக் கடல் பிரிப்பதால், அது பிற கூட்டங்களோடு இயல்பாக இனம் கலக்குமா என்று நேரில் சோதிக்க வழியில்லை. அளவும் நிறமும் மட்டுமே எல்லைக் கோடாகுமென்றால், தடித்த அலகுள்ள ஐரோப்பிய வகையையும் மெல்லிய அலகுள்ள சைபீரிய வகையையும் ஏன் பிரிக்கவில்லை என்ற கேள்வி எழும். காஷ்மீர்ப் பறவைக்கான வாதம் வலுவானது என்பதும், தெற்கு வகைக்கானது ஏற்கத்தக்கதெனினும் அதைவிடச் சற்று மெலிந்தது என்பதும் என் கருத்து.

அமெரிக்காவின் கிளார்க் நட்கிராக்கர் இந்தச் சர்ச்சைக்கு வெளியே நிற்கிறது. 1811-இல் வில்சன் கார்வஸ் கொலம்பியானஸ் என்று பெயரிட்ட அது நூசிஃப்ராகாவுக்கு மாறியபோது, அந்தப் பேரினப்பெயர் இலக்கணத்தில் பெண்பால் என்பதால் கொலம்பியானா ஆயிற்று.

நடைமுறையில் இச்சிக்கல் பழைய குறிப்பேடுகளில்தான் உறுத்துகிறது. 1968-இல் சைபீரியாவிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்குள் திரளாக வந்த பறவைகளின் பதிவுகள் எந்தப் பகுப்பிலும் காரியோகாட்டாக்டஸ் என்றே நிலைக்கும். மேற்கு இமயமலையில் அதே பெயரில் எழுதப்பட்ட பதிவுகளையோ, புள்ளிகளின் விவரம் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே உரிய சிற்றினத்தில் சேர்க்க முடியும்.