லேபிள் இல்லாத பாட்டிலும் என் 420 வெள்ளியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போனது 420 வெள்ளி. 12 பாட்டில் பியர், ஒன்று 35 சிங்கப்பூர் வெள்ளி. கணக்குப் போட்டபோதே அந்த எண் எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊரில் ஏமாற்றுக்காரனை ஃபோர் ட்வென்டி என்போம். இங்கேயும் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக்கு அதே 420ஆம் பிரிவுதான். நடந்து ஆறு நாள் ஆகிறது, ஆத்திரம் அடங்கவில்லை. கோர்வையாக எழுத வருமா என்று தெரியவில்லை. இந்த மாதிரி பியரை எதைப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் மூத்த அண்ணன் ஒருவர் பணி ஓய்வு பெற்றார். வாலிப வயதில் பெல்ஜியத்தில், கெண்ட் நகரில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் போதும், அந்தக் கதை வந்துவிடும். "தம்பி, அங்கே சாமியார்கள் காய்ச்சுகிற பியர் ஒன்று இருக்கிறது. காசு இருந்தாலும் கிடைக்காது. மடத்து வாசலில் போய் நிற்க வேண்டும்" என்பார். வெஸ்ட்ஃப்லேட்டெரன் 12தான் அது. ஓய்வு நாளில் அதையே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, என்னையும் சேர்த்து ஏழு பேர் ஆளுக்கு 60 வெள்ளி போட்டோம். வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது. அதாவது போனது என் காசு மட்டுமில்லை, கூட்டுக் காசு. வயிற்றெரிச்சலில் பாதி அதனால்தான்.

வாங்குவதற்கு முன்னால் நான் படிக்காமல் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் படித்ததுதான் என்னைக் கவிழ்த்தது. பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில், கிராமம் ஒன்றில் இருக்கிற புனித சிக்ஸ்டஸ் மடம் 1831ல் தொடங்கியது. 1830களின் கடைசியிலிருந்து அங்கே பியர் காய்ச்சுகிறார்கள். டிராப்பிஸ்ட் துறவிகள், கத்தோலிக்கத் துறவியரில் ஒரு பிரிவு. மடம் நடக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுவது, உலகமே கேட்கிறது என்பதற்காகக் கூட்டுவதில்லை. மொத்தம் மூன்று வகை: பச்சை மூடி பிளாண்ட், நீல மூடி 8, மஞ்சள் மூடி 12. பன்னிரண்டில் ஆல்கஹால் 10.2 சதவீதம். ரேட்பியர் தளத்தில் உலகின் முதல் பியர் என்று பலமுறை வந்திருக்கிறது. முன்பெல்லாம் போனில் பதிவு செய்து, வண்டி எண்ணைக் கொடுத்து, சொன்ன நேரத்துக்குப் போய்த் தூக்கி வர வேண்டும். 2019லிருந்து பதிவு இணையத்தில். வாங்குகிறவர் அதை வணிகத்துக்கு மறுபடி விற்கக் கூடாது என்பது மடத்தின் நிபந்தனை.

இன்னொன்றும் படித்தேன். அந்த பாட்டிலைப் பல பத்தாண்டுகள் லேபிளே ஒட்டாமல்தான் விற்றார்கள். விவரமெல்லாம் மூடியில்தான் இருந்தது. ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்!

பழைய பொருள், புதுப் பொருள் எல்லாம் தனியாட்கள் விற்கிற செயலி ஒன்றில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். படத்தில் மரப்பெட்டி, மேலே பளபளவென்று மஞ்சள் மூடி, மூடியில் பெயரும் 12ம். விற்பவருக்கு நட்சத்திரம் நிறைய. (பிறகு போய்ப் பார்த்தால் அத்தனையும் போன் கவர் விற்று வாங்கிய நட்சத்திரம்.) லேபிள் இருக்குமா என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: இருக்காது, லேபிள் இருந்தால் அதுதான் போலி, துறவிகள் ஒட்ட மாட்டார்கள். நான் படித்ததையே எனக்குத் திருப்பிச் சொன்னார். அந்த நொடியில்தான் விழுந்தேன். விஷயம் தெரிந்த ஆள், பியர் மேல் மரியாதை உள்ள ஆள் என்று நினைத்துவிட்டேன். மடத்தைப் பற்றி இரண்டு பேரும் அரை மணி நேரம் அரட்டை வேறு. அப்புறம் மெதுவாக, செயலி வழியாகக் கட்டினால் எனக்குக் கட்டணம் பிடிப்பார்கள், பேநவ்வில், அதாவது போன் நம்பருக்கே வங்கியிலிருந்து பணம் அனுப்பும் வழியில், நேராக அனுப்பினால் விமான நிலையத்திலிருந்து வந்த பெட்டியை அப்படியே தருகிறேன் என்றார். 420 வெள்ளியை அன்றிரவே அனுப்பினேன்.

மறுநாள் செங்காங் எம்ஆர்டி நிலையத்தில் சந்திப்பு. நல்ல மழை. வந்தது அவர் இல்லை, ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு பையன். மரப்பெட்டி இல்லை, சாதாரண அட்டைப்பெட்டி, ஒவ்வொரு பாட்டிலுக்கும் குமிழ் உறை நாலு சுற்று. மேலே ஒன்றைப் பிரித்தேன். பழுப்பு பாட்டில், லேபிள் இல்லை, மஞ்சள் மூடி. போதும் என்று மூடிவிட்டேன். கொஞ்சம் நிதானமாக மூடியைப் பார்த்திருந்தால் அதில் ஓர் எழுத்துகூட இல்லை என்பது தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை என் வீட்டில்தான் விருந்து. அண்ணன் முதல் பாட்டிலை வாங்கினார், ஒன்றும் பேசாமல் டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துத் திருப்பினார். கட்டைவிரலால் கழுத்தைத் தடவினார். அசல் பாட்டிலின் கழுத்தைச் சுற்றிக் கண்ணாடியிலேயே மேடாக ஒரு வளையம் இருக்கும், அதில் டிராப்பிஸ்டன்பியர் என்று எழுதியிருக்கும். இதில் வழவழவென்று வெறும் கண்ணாடி. அப்புறம் வயிற்றுப் பக்கம் தடவினார், விரல் ஒட்டியது. பசை. முட்டை வடிவத்தில் பசைத் தடம், ஓரத்தில் கிழிந்த காகிதம் கடுகளவு. வேறு ஏதோ பியரைத் தண்ணீரில் ஊறப்போட்டு லேபிளை உரித்துக் கொடுத்திருக்கிறான்! லேபிள் ஒட்டி ஏமாற்றுவதைக் கேட்டிருக்கிறேன், கழற்றி ஏமாற்றுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

நாலு பாட்டில் திறந்தோம். அசல் எப்படி இருக்கும் என்று அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: கரும்பழுப்பு, பேரீச்சம்பழமும் உலர் திராட்சையும் கருப்பட்டிப் பாகும் சேர்ந்த மாதிரி, விழுங்கிய பிறகு நெஞ்சில் மெல்ல ஒரு சூடு. இது இருமல் மருந்தில் சோடா கலந்த மாதிரி இருந்தது. சூடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அண்ணன் தன் கிளாஸை முழுசாகக் குடித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றிரவே செய்தி அனுப்பினேன். முதல் பதில், இது பழைய தொகுதி, பாட்டில் மாறிவிட்டது. மூடியில் ஏன் எழுத்தில்லை என்றேன். ஏற்றுமதிக்கு வெறும் மூடிதானாம். பசை எப்படி வந்தது? கப்பலில் ஒட்டிய ஸ்டிக்கராம். முந்தாநாள் விமான நிலையம், இன்றைக்குக் கப்பல். மூன்றாம் நாள் பேச்சு மாறியது: பக்கத்து ஊரில் இதே செய்முறையில் காய்ச்சியது, சுவை ஒன்றுதான், பெரிதுபடுத்தாதே.

இந்தப் பொய்க்குள் ஓர் உண்மைக் கதை ஒளிந்திருக்கிறது, அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பக்கத்தில் வாட்டூ என்ற ஊர். அங்கே செயின்ட் பெர்னார்டஸ் என்ற பியர் ஆலை 1946லிருந்து 1992 வரை மடத்தின் அனுமதியோடு அவர்கள் பியரைக் காய்ச்சி விற்றது. அனுமதி முடிந்தபின் தன் சொந்தப் பெயரில் விற்கிறது. அவர்களுடைய அப்ட் 12 நல்ல பியர் என்று அண்ணனே சொல்வார், 10 சதவீதம். ஆனால் அவர்கள் நேர்மையாக லேபிள் ஒட்டி, தங்கள் பெயர் போட்டு விற்கிறார்கள். எனக்கு வந்தது அதுவாக இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கொடு என்றதும், நாலு பாட்டில் குடித்துவிட்டாயே என்றான். குடிக்காமல் எப்படித் தெரியும்? மீதி எட்டுக்காவது 280 வெள்ளி கொடு என்றேன். நீல டிக் விழுந்தது, அதோடு என்னைத் தடை செய்துவிட்டான்.

செயலிக்காரர்களிடம் போனேன். முதலில் ஓர் இயந்திரம் பேசியது. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மூன்று முறை. நான்காம் முறை ஒரு மனிதர் வந்தார், பணம் செயலிக்கு வெளியே போனதால் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது என்று ஒட்டி எழுதிவிட்டுப் போய்விட்டார். கணக்கை மட்டுமாவது முடக்குங்கள் என்றேன், பரிசீலிக்கிறார்களாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது பேநவ்வில் வந்த ஒரு செல்லப்பெயரும் இப்போது எடுக்காத ஒரு போன் நம்பரும். போலீஸ் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

நியாயமாக இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். அவன் அசலையே கொடுத்திருந்தாலும் அது மடத்தின் நிபந்தனையை மீறி வந்த சரக்காகத்தான் இருந்திருக்கும். யாரோ ஒரு துறவியின் சொல்லை மீறிய பாட்டிலை 35 வெள்ளிக்குத் தேடிப் போனவன் நான். அதற்காக 420 வெள்ளி அபராதமா?

சரி, எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. மூடியில் அச்சு இருக்கிறதா, பாட்டில் கழுத்தில் எழுத்து இருக்கிறதா, இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டிராப்பிஸ்ட் என்பது பியரின் வகை இல்லை, யார் காய்ச்சியது என்பதைச் சொல்கிற பெயர். அறுகோண முத்திரை இருந்தால் மடத்துச் சுவருக்குள், துறவிகள் கண்காணிப்பில் காய்ச்சியது. வெறுமனே மடத்து பியர், அபே பியர் என்று போட்டிருந்தால் பெரிய கம்பெனியும் காய்ச்சலாம். லெஃப் அப்படித்தான், ஏபி இன்பெவ் காய்ச்சுவது. செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பாட்டிலைத் தடவிப் பாருங்கள், மழை பெய்தாலும். இன்னும் நாலைந்து எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் எல்லாம் மறந்துவிட்டது.

மற்ற ஆறு பேருக்கும் 60 வெள்ளி வீதம் திருப்பி அனுப்பிவிட்டேன். மீதி எட்டு பாட்டில் சமையலறை சிங்குக்கு அடியில் இருக்கிறது. எடுத்துக் கொட்டுங்கள் என்கிறாள் மனைவி. புகாருக்கு ஆதாரம், தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.