உறையைப் பார்த்தே முடிவுசெய்யும் எடிட்டர்: ஒரு நீண்டகாலப் பயனரின் அனுபவம்

ஸிப், ஜிஸிப் வடிவங்களில் சுருக்கப்பட்ட கோப்புகளைப் பிரிக்காமல் நேரடியாகத் திறக்கும் உரை எடிட்டர் ஒன்றை நான் வெகுகாலமாகப் பயன்படுத்துவது தெரிந்த நண்பர் ஒருவர், அதை வாங்கலாமா என்று கேட்டார். வேகத்திலும் தேடலிலும் அதைக் குறை சொல்ல முடியாது. பெரிய லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்புகளைத் திறந்து, திருத்தி, சேமித்தால் தானே மறுபடி சுருக்கிவைக்கும் வசதிக்குப் பழகியவர்களால் அதை எளிதில் விட இயலாது.

என் பொறுமையைச் சோதிப்பது, குறியாக்கத்தை, அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண்கள் என்ற விதியை, அது கையாளும் முறை. தனியாகத் திறக்கும்போது ஒழுங்காகத் தெரியும் யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியாக்கம்) தமிழ்க் கோப்பு, ஜிஸிப்பாகச் சுருக்கப்பட்ட பிறகு 'க' என்ற ஓர் எழுத்துக்கே மூன்று அந்நியக் குறிகளாகச் சிதறுகிறது. பிரித்தால் முன்பிருந்த அதே பைட்டுகள்தாம் (0 முதல் 255 வரையிலான எண்கள்) கிடைக்கின்றன என்பதால் குற்றம் கோப்பினுடையது அன்று. கடிதத்தைப் படிக்காமல் உறையைக் கொண்டே அதன் மொழியை முடிவுசெய்வதுபோல, இந்த எடிட்டர் சுருக்கப்பட்ட பைட்டுகளை வைத்தே குறியாக்கத்தை ஊகிக்கிறது. ஜிஸிப் கோப்பின் முதலிரு பைட்டுகள் எப்போதும் 31, 139. யுடிஎஃப்-8இல் 31ஐ அடுத்து 139 வர முடியாது; எனவே இது யுடிஎஃப்-8 அன்று என்று எடிட்டர் முடிவுசெய்கிறது. உடனே எந்த பைட்டையும் மறுக்காத, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 குறியாக்கத்துக்கு நழுவி, அந்த முடிவையே பிரித்தெடுத்த உரையின் மீதும் சுமத்திவிடுகிறது.

நியாயமாகப் பார்த்தால், கோப்பு வடிவங்களும் உதவுவதில்லை. யுடிஎஃப்-8 என்று அறிவிக்கும் கொடி (அடையாளக் குறி) ஸிப் விவரக்குறிப்பில் 2006இல் சேர்ந்தது; அதுவும் கோப்புப் பெயருக்கும் குறிப்புரைக்கும் மட்டுமே. ஜிஸிப் கோப்பின் தொடக்கத்திலுள்ள தலைப்பிலோ கோப்புப் பெயரையே லத்தீன்-1இல்தான் எழுத வேண்டும். உள்ளடக்கத்தின் குறியாக்கத்தைச் சொல்ல இரண்டிலுமே இடமில்லை. ஆகவே ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால் பிரித்த பிறகு ஊகிக்கலாமே! இலவசமாகக் கிடைக்கும் ஈமாக்ஸ் எடிட்டர் அப்படித்தான் செய்கிறது.

இதைவிட எரிச்சலூட்டுவது, 'வேறு குறியாக்கத்தில் மறுபடி திற' என்ற கட்டளை. அது உள்ளிருக்கும் உரையை விட்டுவிட்டு, வெளியிலுள்ள சுருக்கப்பட்ட கோப்பையே மறுபடி வாசித்து, திரை முழுவதும் குப்பையை நிரப்புகிறது. சிதறிய உரையை அப்படியே லத்தீன்-1இல் சேமித்தால் பழைய பைட்டுகள் தப்பிவிடும். யுடிஎஃப்-8இல் சேமித்தாலோ, 3 பைட்டு 'க' 6 பைட்டாகி, சிதைவு கோப்பிலேயே நிலைத்துவிடும். எச்சரிக்கை எதுவும் வருவதில்லை.

எனவே நண்பருக்கு என் பதில்: ஆங்கில லாக் கோப்புகள் மட்டும் என்றால் வாங்குங்கள், தமிழ்க் கோப்புகளும் உண்டென்றால் வேண்டாம். நானோ இத்தனையும் எழுதிவிட்டு, உரிமத்தைப் புதுப்பிக்கத்தான் போகிறேன். தமிழ்க் கோப்புகளை மட்டும் முதலில் கட்டளை வரியில் பிரித்துவிட்டுத் திறப்பேன்.