நிக்ஸும் ஹோம் மேனேஜரும்: கும்பகோணத்தில் மூன்று மழைக்காலம்

2022 ஐப்பசியில் என் மடிக்கணினியின் எஸ்எஸ்டி போய்விட்டது. கோப்புகளுக்கு நகல் இருந்தது. பேஷ் ஷெல், விம் எடிட்டர் அமைப்புகள் எல்லாம், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் பத்திரமாக இருந்தன. குனு ஸ்டோ என்ற கருவியை ஓட்டியதும் அவை அதனதன் இடத்துக்குப் போய்விட்டன. அப்படியும் பழையபடி வேலைக்கு உட்கார எனக்கு இரண்டு முழு நாள் ஆனது. அமைப்புக் கோப்புகள் வந்துவிட்டன, அவற்றைப் படிக்க வேண்டிய மென்பொருள்கள் வரவில்லை. பாதி, டெபியன் லினக்ஸின் நிறுவியான ஆப்ட் வழியாகப் போட்டவை. மீதியில் சில பிப், சில என்பிஎம், இரண்டு கார்கோ (மூன்றும் வெவ்வேறு நிரல் மொழிகளின் நிறுவிகள்), ஒன்று எங்கிருந்தோ இறக்கிய ஆப்இமேஜ். எது எங்கிருந்து வந்தது என்று ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருந்தேன். அதைத் தொட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த வாரமே நிக்ஸ் என்ற பொதி மேலாளருக்கு, அதாவது மென்பொருள்களை நிறுவிப் பராமரிக்கும் கருவிக்கு மாறினேன். டெபியனை விடவில்லை. கெர்னல், டெஸ்க்டாப், பிரிண்டர் எல்லாம் டெபியனிடமே இருக்கட்டும், நான் தினமும் கையாளும் கருவிகளை மட்டும் நிக்ஸ் கொண்டுவரட்டும் என்று முடிவு செய்தேன். நிக்ஸைப் போன்ற இன்னொரு கருவியான கீக்ஸையும் ஒரு வாரம் பார்த்தேன். அதன் ஸ்கீம் மொழி எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் வேலைக்குக் கட்டாயம் வேண்டிய இரண்டு கருவிகள் அதில் கிடைக்கவில்லை.

நிக்ஸைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக. ஏல்கோ டோல்ஸ்ட்ரா 2003இல் தொடங்கியது. 2006இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதையே முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். ஒவ்வொரு மென்பொருளும் நிக்ஸ் ஸ்டோரில் தனித்தனி அடைவில் உட்காரும். அது எந்த மூலத்திலிருந்து, எந்த நூலகங்களோடு, எப்படிக் கட்டப்பட்டதோ அதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட ஹாஷ் (கைரேகை மாதிரியான அடையாளக் குறி) அந்த அடைவின் பெயரிலேயே இருக்கும். அதனால் ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகள் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஹோம் மேனேஜர் இதன் மேல் உட்கார்ந்து நம் ஹோம் அடைவைக் கவனித்துக்கொள்கிறது. என்னென்ன மென்பொருள், ஒவ்வொன்றுக்கும் என்ன அமைப்பு என்று எழுதிவைத்து ஒரு கட்டளை கொடுத்தால், புதிய தலைமுறை (அந்த மென்பொருள்களும் அமைப்புகளும் சேர்ந்த ஒரு முழுத் தொகுப்பு) ஒன்றை முழுதாகக் கட்டி முடித்துவிட்டு, கடைசியில் சிம்லிங்குகளை, அதாவது வேறொரு இடத்தைச் சுட்டும் இணைப்புகளை மட்டும் மாற்றும்.

அந்தக் கடைசி வரிதான் எங்கள் ஊரில் இருப்பவனுக்கு முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. என் பழைய மடிக்கணினியின் பேட்டரி இருபது நிமிடம் தாங்கினால் அதிகம். ஆப்ட் மேம்படுத்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், எனக்கு இரண்டு முறை பாதியில் நின்றிருக்கிறது. ஆப்டின் அடியில் வேலை செய்யும் டிபிகேஜி ஏற்கெனவே இருக்கும் கோப்புகளின் மேலேயே புதியதை விரிக்கிறது. பாதியில் நின்றால் சில பொதிகள் விரிந்தும் கட்டமைக்கப்படாமலும் கிடக்கும். திரும்ப இயக்கினால் முதலில் அதை முடி என்று கேட்கும். பெரும்பாலும் முடிந்துவிடும். ஒரு முறை முடியவில்லை, கெர்னல் மேம்பாட்டின் நடுவில் நின்றதால் இயந்திரமே எழும்பவில்லை, மீட்பு யூஎஸ்பி போட்டு ஒரு இரவு போனது.

நிக்ஸில் மூன்று மழைக்காலத்தில் நான்கு முறை இப்படி நடுவில் அணைந்திருக்கிறது. நான்கு முறையும் பழைய தலைமுறை அப்படியே இருந்தது, கரண்ட் வந்ததும் கட்டளையைத் திரும்பக் கொடுத்தேன். ஆனால் ஒரு முறை ஸ்டோருக்குள் சில கோப்புகள் வெறும் பூஜ்ஜிய பைட்டாக நின்றுவிட்டன. தரவுத்தளம் அவற்றை நல்ல கோப்புகள் என்றே நம்பிக்கொண்டிருந்தது. ஸ்டோர் முழுவதையும் ஹாஷோடு சரிபார்த்துப் பழுது நீக்கும் கட்டளை இருக்கிறது, அது கெட்டவற்றை மட்டும் திரும்ப இறக்கிக்கொண்டது. எழுதியதை உடனுக்குடன் வட்டில் உறுதிசெய்யும் தெரிவு நிக்ஸின் அமைப்பில் இருக்கிறது, இயல்பில் அணைத்துவைத்திருக்கிறார்கள். மின்சாரம் நிலையில்லாத ஊரில் இருப்பவர்கள் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

இணையம்தான் என் பெரிய குறை. பல மென்பொருள்கள் சார்ந்திருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தால் டெபியனில் அந்த ஒரு நூலகம் சில எம்பி இறங்கும், முடிந்தது. நிக்ஸில் அதைச் சார்ந்த எல்லாவற்றின் ஹாஷும் மாறும், ஆகவே எல்லாமே புதிதாக இறங்கும். வீட்டு ஃபைபர் ஓடும்போது இது உறைக்காது. மழையில் கம்பி அறுந்து போன் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது ஒரு மேம்பாட்டுக்கு ஒன்றரை ஜிபி என்றால் நெஞ்சு அடைக்கும். முதல் ஆறு மாதம் நிக்ஸின் அடிக்கடி மாறும் நிலையற்ற கிளையில் இருந்து இதை அனுபவித்தேன், அப்புறம் நிலையான வெளியீட்டுக்கு வந்துவிட்டேன். அது மே இறுதியில் ஒன்று, நவம்பர் இறுதியில் ஒன்று வரும். நவம்பர் வெளியீட்டுக்கு மாற எங்கள் மழை விடுவதில்லை. பழைய வெளியீட்டுக்கான ஆதரவோ டிசம்பர் முடிவோடு நின்றுவிடும். மார்கழியில் இரண்டு நாள் வானம் வெளுத்தால் உடனே உட்கார்ந்து முடித்துவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

சரி, நான் அதிகம் கற்றுக்கொண்டது என் கணினியில் அல்ல, அக்கா மகளின் கணினியில். தஞ்சாவூரில் பொறியியல் படிக்கிறாள், மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட். என் அமைப்பு அவளுக்கும் வேண்டும் என்றாள். அவளிடம் இருப்பது போன் டேட்டா மட்டும், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. நிக்ஸ் தன் ஸ்டோரில் இருப்பதை ஒரு யூஎஸ்பி வட்டுக்கு பைனரி கேஷாகவே (கட்டி முடித்த பொதிகளின் கிடங்காகவே) நகலெடுத்துத் தரும். ஃப்ளேக் (எந்தெந்த மூலம், எந்தப் பதிப்பு என்று நிக்ஸுக்குச் சொல்லும் திட்டம்) குறிப்பிடும் மூலங்களையும் சேர்த்தே எடுக்கலாம். அதிகாரப்பூர்வ கேஷிலிருந்து வந்தவற்றின் கையொப்பமும் கூடவே போவதால், அந்தப் பக்கத்தில் மறுப்பில்லாமல் ஏற்கும். என் இயந்திரத்திலேயே கட்டிய மூன்று பொதிகளுக்கு மட்டும் நான் தனியாகச் சாவி உருவாக்கிக் கையொப்பமிட்டேன். வட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி 40 கிலோமீட்டர் போய், கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். இணையத்தில் இறக்கியது நிக்ஸின் நிறுவியும் கிட் களஞ்சியமும் மட்டும். என் கணினியில் எந்தக் கருவி எந்தப் பதிப்போ, அவள் கணினியிலும் அதே. ஆப்டையும் ஸ்கிரிப்டையும் வைத்துக்கொண்டு இதை நான் ஒருநாளும் செய்திருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து போன் செய்தாள்.

"மாமா, எல்லாம் ஓடுது. ஆனா தமிழ் அடிச்சா இங்கிலீஷ்தான் வருது."

"எதுல பாப்பா?"

"நீங்க போட்டுக் குடுத்த ஜீனி எடிட்டர்ல மட்டும். ஃபயர்ஃபாக்ஸ்ல தமிழ் நல்லா வருது."

எனக்கு அது வரை தெரியாது. நான் தமிழ் எழுதுவது லிப்ரே ஆபிஸில், அது டெபியனுடையது. விம் ஓடும் டெர்மினலும் டெபியனுடையது. காரணம் தேடிப் பார்த்தபோது புரிந்தது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாக தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய, ஜிடிகே (ஜன்னல், பொத்தான்களை வரையும் நூலகம்) செயலி ஒரு உள்ளீட்டு மாட்யூலை ஏற்ற வேண்டும். மின்டில் அந்த மாட்யூல் இருக்கும் இடத்தை நிக்ஸிலிருந்து வந்த ஜீனி பார்ப்பதே இல்லை, தன் சொந்த ஜிடிகே அருகில்தான் தேடும். சூழல் மாறியை வைத்து வேறு பக்கம் திருப்பிவிடலாம். ஆனால் இரண்டு பக்கத்து நூலகங்களும் வேறு வேறு பதிப்பாக இருக்கும்போது செயலி சரிந்துவிழ வாய்ப்புண்டு. அவள் கணினியில் விழுந்தது. கிராஃபிக்ஸ் முடுக்கம் கேட்கும் டெர்மினல்களிலும் இதே கதைதான். நிக்ஸ்ஓஎஸ் (நிக்ஸின் மேலேயே கட்டிய லினக்ஸ்) அல்லாத கணினியில் அவை டிரைவரைக் கண்டுபிடிக்காது, நிக்ஸ்ஜிஎல் என்ற உறையைச் சுற்ற வேண்டும்.

அன்றிலிருந்து ஒரு கோடு போட்டுக்கொண்டேன். டெர்மினலுக்குள் ஓடுவது எல்லாம் நிக்ஸ். ஜன்னல் திறப்பது, எழுத்துரு காட்டுவது, தமிழ் வாங்குவது எல்லாம் ஆப்ட். அவள் கணினியிலும் ஜீனியை நிக்ஸிலிருந்து எடுத்துவிட்டு மின்டிலிருந்தே போடச் சொன்னேன். இந்தக் கோட்டை முதலிலேயே போட்டிருந்தால் இந்த எரிச்சல் மிச்சமாகியிருக்கும். தமிழில் எழுதுகிற எவரும் மாறுவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொள்வது கடினம், அதை மறைக்க வேண்டியதில்லை. நிக்ஸ் மொழி சிறியதுதான், பிழைச் செய்திகள்தான் ஆளைக் களைக்கவைக்கும். ஒரு முழு மாலை, புதிதாக எழுதிய கோப்பு இல்லவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. கோப்பு கண் முன்னால் இருக்கிறது. கிட் களஞ்சியத்துக்குள் இருக்கும் ஃப்ளேக், கிட்டில் சேர்க்காத கோப்பைப் பார்க்காது என்பது இரவு பதினோரு மணிக்குத்தான் தெரிந்தது. இடமும் அதிகம் தின்னும். என் ஸ்டோர் ஒரு கட்டத்தில் 46 ஜிபிக்கு வந்தது. குப்பை அகற்றும் கட்டளை கொடுத்தும் இறங்கவில்லை. பழைய வேலைகளின் அடைவுகளில் கிடந்த ரிசல்ட் என்ற சிம்லிங்குகள் அத்தனையையும் பிடித்துவைத்திருந்தன. அவற்றை அழித்ததும் 15 ஜிபிக்கு வந்தது.

2023இல் டெபியன் 12 வந்தபோது மாறியதற்கான பலன் தெரிந்தது. கணினியின் பைத்தானுக்குள் பிப் நேரடியாகப் பொதிகளைப் போடுவதை அந்த வெளியீடு தடுத்துவிட்டது. சரியான முடிவு என்பேன், ஆனால் பழைய என் அமைப்பு அதில் மொத்தமாக உடைந்திருக்கும். இப்போது கீழே டெபியன் முழுதாக மாறியும் மேலே என் கருவிகள் அசையவில்லை. அன்று மதியமே வேலையில் இருந்தேன். இந்த ஆவணியில் டெபியன் 13க்கு மாறியதும் அப்படியே நடந்தது, மழை தொடங்கும் முன்பே முடித்துவிட்டேன். யூஎஸ்பி வட்டிலும் புதிய நகல் எடுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் அக்கா மகள் ஊருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போவாள்.